உங்களுக்குத் தெரியுமா? – அடங்காத பிளாஸ்மாவை அடக்கும் கதை!

சூரியனின் மையத்தில் வெப்பம் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு இயந்திரத்துக்குள் வரவேண்டிய வெப்பம் எவ்வளவு தெரியுமா? 15 கோடி டிகிரி! சூரியனைப் போல் பத்து மடங்கு!

எந்தப் பாத்திரம் தாங்கும் இந்தச் சூட்டை? லேசில் உருகாத உலோகம் என்று பெயரெடுத்த டங்ஸ்டனே 3,422 டிகிரியில் உருகி ஓடிவிடும். அதனால்தான் சுவரே இல்லாத ஒரு பாத்திரம் செய்தார்கள். முழுக்க முழுக்கக் காந்தப்புலத்தால்! வடிவம்? நம் மெதுவடை!

அந்த வடைக்குள் 15 கோடி டிகிரி. சில மீட்டர் தள்ளி நிற்கும் காந்தச் சுருள்களோ மைனஸ் 269 டிகிரி குளிரில்! ஒரே இயந்திரத்துக்குள் இரண்டும்!

உள்ளே இருக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, காற்றைவிட சுமார் 2.5 லட்சம் மடங்கு மெலிந்தது. ஈட்டரின் பிரம்மாண்டமான அறை முழுவதிலும் உள்ளதைத் திரட்டி எடுத்தாலும் ஒரு கிராம் தேறாது. மூன்று நான்கு குண்டுமணி எடை, அவ்வளவுதான்!

ஆனால் அந்தக் குண்டுமணி எடை செய்யும் அட்டகாசம் இருக்கிறதே! நெளியும். துள்ளும். கிழியும். காந்தப் பிடியை மீறி அறைச் சுவரில் போய் மோதும். சூடேற்றுவதைவிட அசையாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் தலைசிறந்த மூளைகள் இந்த ஒரே வேலையில்தான் இறங்கியிருக்கின்றன!

'பிளாஸ்மா' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். ஆண்டு 1928. அவருக்கு அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவாம்!

இந்தக் கதை தொடங்கியதே ஓர் இடியில்தான்! 1905. ஆஸ்திரேலியாவில் லித்கோ ஊருக்குப் பக்கத்தில் ஹார்ட்லி வேல். அங்கே ஒரு மண்ணெண்ணெய் ஆலை. அதன் இடிதாங்கியில் மின்னல் இறங்கியது. பிறகு பார்த்தால், உள்ளே பொள்ளலாக இருந்த செப்புக் குழாய் நசுங்கிக் கிடக்கிறது! உறிஞ்சி முடித்த ஸ்ட்ராவைப் போல எல்லாப் பக்கமும் உள்வாங்கி! சுத்தியல் பட்ட தடம் கிடையாது. மேலே எதுவும் விழவும் இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தின் பொல்லாக், பாராக்ளவ் இருவரும் கண்டுபிடித்துச் சொன்ன விடை இன்று கேட்டாலும் புல்லரிக்கிறது. குழாயில் பாய்ந்த மின்னோட்டம் தனக்கான காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கி, அந்தக் காந்தப்புலமே குழாயை நெரித்துவிட்டது! கண்ணுக்குத் தெரியாத கை!

செப்பையே நெரிக்கும் கை பிளாஸ்மாவைப் பிடிக்காதா? அந்த நம்பிக்கையில்தான் முயற்சிகள் வேகம் பிடித்தன!

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் ஜேம்ஸ் டக் ஒரு கருவி கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பெர்ஹாப்ஸட்ரான்'. அதாவது, 'ஒருவேளை'ட்ரான்! வேலை செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார். பிளாஸ்மா நெளிந்து சுவரில் மோதி அணைந்தது!

அடுத்தது பிரிட்டனின் ஹார்வெல். கருவியின் பெயர் ஜீட்டா. 1958 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் அத்தனையும் கூடிவிட்டன. நியூட்ரான்கள் வருகின்றன, அணுக்கரு இணைவேதான், 90 சதவீதம் நிச்சயம் என்றார் சர் ஜான் காக்கிராஃப்ட். நோபல் பரிசு வாங்கியவர்! மே மாதம் வந்தது மறுப்பு. அந்த நியூட்ரான்களைக் கிளப்பியது சூடு இல்லை. பிளாஸ்மாவின் நெளிசல்! அந்த நெளிசலில் பிறந்த மின்புலம் துகள்களை விசிறியடித்து, உலகத்தையே நான்கு மாதம் நம்பவைத்துவிட்டது!

சகாலின் தீவில் ஒரு சோவியத் ராணுவ சார்ஜென்ட். பெயர் ஒலெக் லாவ்ரென்டியெவ். வயது 24. கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1950இல் அணுக்கரு இணைவைக் கட்டுப்படுத்த ஒரு யோசனை எழுதி மாஸ்கோவுக்கு அனுப்பினார். அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை இயற்பியலாளர் ஆந்திரே சகாரோவ் மேசைக்கு வந்தது. மின்புலத்தால் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தார் சார்ஜென்ட். காந்தப்புலத்தால் பிடித்தால் என்ன என்று யோசித்தார் சகாரோவ். அவரும் சக இயற்பியலாளர் இகோர் டாமும் சேர்ந்து போட்ட கணக்கில் பிறந்ததுதான் இன்று உலகமே கட்டும் அந்த வடை வடிவ இயந்திரம், டோகமாக்! எல்லாம் ஒரு கடிதம்!

1968. சோவியத்தின் டி-3 டோகமாக்கில் ஒரு கோடி டிகிரி எட்டிவிட்டோம் என்றார் லெவ் ஆர்ட்சிமோவிச். மேற்கு நாடுகள் நம்பவில்லை. 'நீங்களே வந்து அளந்து பாருங்கள்' என்று அழைத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம்! பிரிட்டனின் கல்லம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு சுமார் 5 டன் கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மாஸ்கோவில் போய் இறங்கியது. லேசர் கற்றையை பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சி, சிதறி வந்த துளி ஒளியை வைத்து வெப்பத்தை அளந்தார்கள். விடை: ஒரு கோடி டிகிரி, உண்மைதான்! அமெரிக்காவின் பிரின்ஸ்டன், தன்னிடமிருந்த ஸ்டெல்லரேட்டர் என்ற வேறுவகைப் பெரிய இயந்திரத்தையே டோகமாக்காக மாற்றிவிட்டது!

பிளாஸ்மாவின் குறும்புகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள். சாசேஜ், மீன்முள், பாம்பு, ரம்பப்பல்! உள்ளே துகள்கள் ஓடும் ஒரு பாதைக்குப் பெயர் வாழைப்பழம்! எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் அச்சாகி வரும் பெயர்கள்!

இது எனக்கு மிகவும் பிடித்த தகவல். பிளாஸ்மாவுக்குப் பின்னக் கணக்கு ஆகாது! காந்தக் கோடுகள் வடையைச் சுற்றி முறுக்கிக்கொண்டே போகும். வடையை நீளவாக்கில் எத்தனை சுற்று வந்தால் குறுக்குவாக்கில் ஒரு சுற்று முடிகிறது? அந்த எண்ணுக்குப் பெயரே 'பாதுகாப்புக் காரணி'. அது 3/2 ஆகவோ 2/1 ஆகவோ அழகாக அமையும் இடமாகப் பார்த்துத்தான் பிளாஸ்மா கிழியும்! விளிம்பில் அந்த எண் 2க்குக் கீழே இறங்கினால் பொதுவாக ஆட்டமே முடிந்தது!

கிழிந்தால் தைத்துவிடுகிறார்கள், நுண்ணலையால்! ஈட்டரில் அதைச் செய்யும் ஒவ்வொரு குழலும் 10 லட்சம் வாட். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு! அந்தக் கற்றை உள்ளே நுழையும் ஜன்னலைக் கண்ணாடியில் செய்தால் தாங்காது. செய்திருப்பது எதில் தெரியுமா? செயற்கை வைரத்தில்!

பிளாஸ்மாவின் நிலைப்புத்தன்மை பற்றி ஆரம்ப காலத்திலேயே கணக்குப் போட்டவர்களில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த ஒருவர் உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர்! நட்சத்திரங்களுக்காக நோபல் வாங்கியவர் என்றுதான் நமக்குத் தெரியும். மின்னோட்டம் நெரித்துப் பிடிக்கும் பிளாஸ்மா எப்போது நிலைக்கும், எப்போது நெளியும் என்று காஃப்மன், வாட்சன் இருவருடன் சேர்ந்து 1958இல் அவர் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. பாய்மங்களும் காந்தப்புலமும் சேர்ந்தால் எது நிலைக்கும் என்பதற்கே 1961இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். 600 பக்கத்துக்கு மேல்! இன்றும் அச்சில்!

பிளாஸ்மாவில் எவ்வளவு அடர்த்தி தாங்கும்? பெரிய சூத்திரமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? எம்.ஐ.டி.யின் மார்ட்டின் கிரீன்வால்ட் 1988இல் சொன்னது ஒரே வரி. மின்னோட்டத்தைப் பிளாஸ்மாவின் வட்டப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது! பள்ளிக்கூடத்துப் பையன் போடும் கணக்கு!

அழுத்தத்தில் உலக சாதனை எவ்வளவு? எம்.ஐ.டி.யின் அல்கேட்டர் சி-மாட் 2016 செப்டம்பர் 30 அன்று எட்டியது 2.05 வளிமண்டலம். நம் அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அதுதான்! ஆனால் சி-மாட்டின் 'குக்கருக்குள்' கொதித்தது மூன்றரைக் கோடி டிகிரி. இன்னொன்று சொல்லட்டுமா? அந்த இயந்திரம் நிரந்தரமாக மூடப்பட்ட நாளும் அதே செப்டம்பர் 30. கடைசி நாளில் உலக சாதனை!

1982. ஜெர்மனியின் கார்ஷிங். ஆஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃப்ரீட்ரிஷ் வாக்னர் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார். திடீரென்று பிளாஸ்மா தானாகவே அடங்கி ஒழுங்குக்கு வந்துவிட்டது! யாரும் எதிர்பார்க்கவில்லை. விளிம்பில் தானே ஒரு வேலி போட்டுக்கொண்டு, வெப்பத்தை இரண்டு மடங்கு நேரம் பிடித்து வைத்தது. ஈட்டரின் திட்டமே இந்தத் தற்செயலை நம்பித்தான்!

அந்த வேலியும் அவ்வப்போது வெடிக்கும், சூரியனில் கிளம்பும் தீப்பிழம்பு போல. அதற்கும் வைத்தியம் கண்டார்கள். 2004இல் அமெரிக்காவின் டி-3-டி இயந்திரத்தில் டாட் எவான்ஸ் குழு காந்தப்புலத்தை வேண்டுமென்றே லேசாகக் கலைத்துப் பார்த்தது. பெரிய வெடிப்புகள் நின்றுவிட்டன! ஈட்டருக்குள் இதற்கென்றே 27 சுருள்கள்!

எல்லாம் கைமீறிப் பிளாஸ்மா முழுதாகச் சரிந்தால்? ஈட்டர் பிளாஸ்மாவில் தேங்கியிருக்கும் வெப்பம் சுமார் 35 கோடி ஜூல். அத்தனையும் சில மில்லிநொடிகளில் வெளியே பாயும்! பின்னாலேயே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சீறிக்கொண்டு வந்து சுவரை உருக்கும். அவற்றை நிறுத்தப்போவது எது? உறைய வைத்த நியான், ஹைட்ரஜன் கட்டிகள்! துப்பாக்கிக் குண்டு போலச் சுட்டு, வழியிலேயே சுக்குநூறாக உடைத்து, பனித்தூளாக உள்ளே வீசுவார்கள். 15 கோடி டிகிரிக்கு மருந்து பனிக்கட்டி!

ஆனால் ஒன்று. எவ்வளவு மோசமாகச் சரிந்தாலும் பிளாஸ்மா அணைந்துதான் போகும். அணு உலை போல உருகிக்கொண்டே போகாது. இது எனக்கு மிகுந்த நிம்மதி தரும் தகவல்!

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டி.சி.வி. என்றொரு டோகமாக். 19 காந்தச் சுருள்கள். 2022இல் அவற்றின் கடிவாளத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார்கள். நொடிக்கு 10,000 கட்டளைகள்! கேட்ட வடிவம் எல்லாம் வந்தது. அதோடு ஒரே அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தனித்தனிப் பிளாஸ்மாத் துளிகளை மிதக்கவிட்டும் காட்டியது!

2024இல் பிரின்ஸ்டன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பிளாஸ்மா கிழியப் போகிறது என்று அவர்களின் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிட்டது. எவ்வளவு முன்னால்? 300 மில்லிநொடி! நாம் கண் சிமிட்டி முடிக்கும் நேரம். பிளாஸ்மாவின் கணக்கில் அது தாராளம்!

எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடிகிறது? 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட்: 1,066 நொடி. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை அந்தச் சாதனை. பிப்ரவரி 12இல் பிரான்சின் வெஸ்ட்: 1,337 நொடி! கிழக்கை மேற்கு முந்தியது! குறைந்த சக்தி போதும் என்றால் ஜப்பானின் டிரையாம் 2003இலேயே ஓடிக் காட்டியது 5 மணி 16 நிமிடம்!

டோகமாக்கில் பிளாஸ்மாவுக்குள் பாயும் மின்னோட்டம்தானே அதைச் சரியவைக்கிறது? அந்த மின்னோட்டமே வேண்டாம் என்றால்? அதுதான் ஸ்டெல்லரேட்டர்! ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் நிற்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் இயந்திரத்தின் 50 சுருள்களைப் பார்த்தால் யாரோ வெறுங்கையால் முறுக்கிப் போட்ட கைமுறுக்கு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் உயரம். ஒவ்வொரு வளைவும் சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கிட்டது! காந்தப்புலம் சரியாக அமைந்ததா என்று எப்படிப் பார்த்தார்கள்? காலியான அறைக்குள் மெல்லிய எலெக்ட்ரான் கற்றையை ஓடவிட்டு, பட்டால் ஒளிரும் ஒரு கோலை அதன் குறுக்கே வீசிப் படம் எடுத்தார்கள். இருட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளி வளையங்கள்! வரைபடத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம்? ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! 2016 பிப்ரவரி 3 அன்று அதன் முதல் ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்குப் பொத்தானை அழுத்தியவர் ஏஞ்சலா மெர்க்கல். இயற்பியல் படித்த, அப்போதைய ஜெர்மன் சான்சலர்! பிளாஸ்மா நின்றது கால் நொடி. சூடு 8 கோடி டிகிரி!

இந்தியாவில்? காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இலேயே டோகமாக் ஓடியது. பெயர் ஆதித்யா. சூரியனின் பெயரேதான்! ஈட்டர் முழுவதையும் மூடப்போகும் குளிர்க்கலத்தின் பாகங்களும் குஜராத்தின் ஹசீராவில்தான் தயாராகின. 54 பாகங்கள். எடை 3,850 டன்!

பிரிட்டனின் ஜெட் இயந்திரம் 1983 ஜூன் 25 அன்று முதல் பிளாஸ்மாவைக் கண்டது. 2023 அக்டோபரில், ஓய்வுபெற இரண்டரை மாதமே இருக்கும்போது, வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்து உலக சாதனை படைத்தது! அதே ஆண்டு டிசம்பர் 18. கடைசி நாள். நாற்பது வருடம் எந்தச் சுவரைக் காப்பாற்றப் பாடுபட்டார்களோ, அதே உள்சுவரை நோக்கி எலெக்ட்ரான் கற்றையை வேண்டுமென்றே திருப்பிவிட்டார்கள். எவ்வளவு சேதமாகிறது, கற்றையை எப்படி அடக்குவது என்று அடுத்த தலைமுறை இயந்திரங்களுக்காகத் தெரிந்துகொள்ள! சுவரில் கற்றை பாய்ந்த அந்தக் கடைசி ஓட்டத்தின் வரிசை எண்: 1,05,842!