கொம்பு ஓணானும் 'தரிசு' நிலமும்

வங்கியில் இருந்தப்போ எத்தனையோ கடன் மனுவில் 'தரிசு' என்று நானே எழுதியிருக்கேன். போன வருஷம் இலங்கை மலைநாட்டில்தான் அந்த வார்த்தை உறுத்தியது.

நுவரெலியா பக்கம் பாசி படர்ந்த மரத்தில் ஓர் ஓணான். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு! 'செரட்டோஃபோரா' என்கிற இந்தப் பேரினம் இலங்கையை விட்டால் உலகில் எங்கும் கிடையாது. மொத்தமே ஆறு இனம். அதில் இரண்டு இறக்குவானை மலையில் மட்டும். இலை மாதிரி மூக்குள்ளது நக்கிள்ஸ் மலையில் மட்டும். மெதுவாக நகர்கிற பிராணி. மண்ணில் குழி பறித்து முட்டையிடும். நிழலும் ஈரமும் வேணும்.

பயிரில்லாத காடு, தரிசு எல்லாம் அரசுக்கே என்று 1840-இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். காப்பிக்காகக் காடு போச்சு. வேலை செய்தது இங்கேயிருந்து போன நம்ம ஜனங்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிய, தேயிலை வந்தது. மிச்சக் காடு துண்டு துண்டாக நிற்கிறது. ஆனால் நக்கிள்ஸில் பெரிய மரங்களை விட்டுவைத்து அடியில் ஏலம் போட்ட இடங்களில் இலைமூக்கு ஓணான் இருக்கு, கவனிங்க.

நம்ம கிழக்கு வரப்புப் புதரை ஜேசிபி வச்சு எடுத்துடலாம்னு பையன் சொல்றான். நான் இன்னும் சம்மதிக்கல.