எழுதப்படாத வரி

ஒரு நிரலை எழுதுபவர் அது எங்கே, யாரிடம் ஓடப்போகிறது என்பதை முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே சில முடிவுகளை நிரலுக்கு வெளியே, சாதாரண எழுத்தாக, தனிக் கோப்பில் வைத்துவிடுகிறார். இதுதான் அமைவுக் கோப்பு. பேச்சில் கான்ஃபிக் ஃபைல். யார் உள்ளே வரலாம், கடவுச்சொல் போதுமா, எல்லாம் அதில் ஒரு வரி. பெரும்பாலானவற்றை யாரும் படிக்கலாம். திருத்துவதுதான் எல்லாராலும் ஆகாது. யூனிக்ஸ் மரபில் இவை இருக்கும் 'ஈடிசி' அடைவு 'ரூட்' என்கிற முழு அதிகாரப் பயனருடையது.

இதை ஒரு பிரதியாக வாசிக்க நான் கற்றது பட்ட பிறகுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் உண்மை அறியும் குழுவின் அறிக்கைகளை, சாட்சியம் சொன்னவர்களின் பெயர்களோடு, வாடகைக்கு எடுத்த லினக்ஸ் கணினியில் வைத்திருந்தோம். பராமரிப்பு என் பொறுப்பு. தூரத்திலிருந்து அதற்குள் நுழைய ஓபன் எஸ்எஸ்ஹெச். கடவுச்சொல்லை ஊகித்து எவனும் வந்துவிடக் கூடாதே என்று, அதன் அமைவுக் கோப்பின் கடைசியில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று எழுதினேன். சேவையை மறுபடி துவக்கவும் செய்தேன்; இல்லாவிட்டால் ஓடுகிற நிரல் பழைய வரியையே பிடித்துக்கொண்டிருக்கும். நிம்மதியாத் தூங்கினேன். மூணு மாசம் கழிச்சுத் தெரியுது, கதவு திறந்தேதான் கெடந்திருக்கு.

நடந்தது இது. 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து இக்கோப்பு 'இன்க்ளூட்' என்ற வரியால் வேறு கோப்புகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வரி உச்சியில் இருந்தது. அது சுட்டிய அடைவில், இடம் தந்தவர்கள் முன்னாடியே 'யெஸ்'னு எழுதி வச்சிட்டாங்க. ஓபன் எஸ்எஸ்ஹெச்சின் இலக்கணப்படி முதலில் கிடைத்த மதிப்பே நிற்கும். அதே கணினியில், யார் ரூட்டாகலாம் எனச் சொல்லும் 'சூடோயர்ஸ்' கோப்பிலோ பொருந்தும் வரிகளில் கடைசியே செல்லும். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு நியாயம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது கோப்பின் மௌனம். அதில் பாதிக்கு மேல் தலையில் ஹேஷ் குறி போட்ட வரிகள். நிரல் அவற்றைப் படிப்பதில்லை. 'நீ எதுவும் சொல்லாவிட்டால் இதுதான்' என்று நமக்குக் காட்டுவதற்காக நிற்பவை. அந்த இயல்பிருப்பு உண்மையில் நிரலுக்குள் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பு, ரூட் கடவுச்சொல்லோடு நேரே நுழையலாம் என்றிருந்த இயல்பிருப்பை மாற்றி, கடவுச்சொல்லால் முடியாது என்றாக்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அவ்வரியைத் தொடாத கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அவற்றின் பொருள் மாறிவிட்டது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று பேசித் திரிந்தோமே, இங்கே அவன் பிரதிக்கு வெளியே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறான்.

'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையோடு சிறுகோடும் பெரிய டியும் சேர்த்து, ரூட்டாக ஓட்டினால், இழுத்த கோப்புகள், இயல்பிருப்புகள் எல்லாம் கூட்டி, நடப்பில் இருப்பது இன்னதென்று திரையில் கொட்டும். என் வரிக்கு நேரே 'யெஸ்' என்று வந்தது அப்படித்தான்.

யாராவது நுழைந்தார்களா என்று பதிவேடுகளைப் புரட்டினேன். தடயம் இல்லை. பழைய பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் ஓர் அமைவுக் கோப்பில்தான் இருக்கிறது. நான் தொடாத கோப்பு. அதில் வாரத்துக்கு ஒன்றாக நாலு பதிவேடு, அவ்வளவுதான்.