தண்ணீர் ரிவர்ஸ் கியர் போட்டா?

ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம். பிளேயர்ஸ், கோச், உதவியாளர்கள்னு மொத்தம் 97 பேர். சீசன் ஆரம்பிச்சு ரெண்டே மேட்ச்தான் ஆடியிருந்தாங்க. அதுக்குள்ள காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண்ணுனு பலர் வரிசையா படுத்துட்டாங்க. எல்லாரையும் பரிசோதிச்சுப் பார்த்தா, 90 பேருக்கு ஹெபடைடிஸ் தொற்று! மிச்சமிருந்த மேட்ச் அத்தனையும் கேன்சல்.

1969-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்து ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்தது இது. 'மெஸ் சாப்பாடா இருக்கும்'னுதானே நினைக்கிறீங்க? இல்லை. வில்லன், பிராக்டீஸ் கிரவுண்டில் அவங்க குடிச்ச தண்ணி.

அந்தக் குழாய்க்கு வர்ற லைனில், தரைக்குக் கீழே குழி வெட்டிப் பதிச்ச பாசனக் குழாய்களும் இருந்தன. பக்கத்து வீட்டுப் பசங்க அங்கே விளையாடுவாங்க. அவங்கள்ல சிலருக்கு ஹெபடைடிஸ் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பகுதியில் ஒரு தீ விபத்து. அணைக்கிறதுக்காக தீயணைப்புக்காரங்க ஏகப்பட்ட தண்ணியை இழுக்க, மெயின் பைப்பில் பிரஷர் சடார்னு இறங்கிடுச்சு. குழியில் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணி அந்த நேரத்தில் குடிநீர் லைனுக்குள்ள உறிஞ்சப்பட்டதுனு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க.

ஸ்ட்ரா தத்துவம்தான்!

இதுக்குப் பேர் பேக்ஃப்ளோ. தண்ணி எப்பவும் பிரஷர் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு ஓடும். மெயினில் பிரஷர் இருக்கிற வரைக்கும் அது நம்ம குழாய்க்கு வரும். பைப் உடைஞ்சாலோ, எங்கேயாவது பெரிய அளவில் தண்ணி இழுத்தாலோ ஓட்டம் தலைகீழாகிடும். ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சற மாதிரி, மெயின் பைப் நம்ம பக்கத்துத் தண்ணியை உறிஞ்சும். இன்னொரு வகையும் உண்டு. பாய்லர், பம்ப் மாதிரி சமாச்சாரங்கள் மெயினைவிட அதிக பிரஷரில் ஓடினா, அதில் இருக்கிற கெமிக்கல் தண்ணியை அவையே மெயினுக்குள்ள தள்ளிடும்.

இதைத் தடுக்கிற கருவிதான் பேக்ஃப்ளோ ப்ரிவென்ட்டர். நம்ம ஊர் பிளம்பர்கள் 'என்.ஆர்.வி.'னு சொல்ற ஒருவழி வால்வோட பெரியண்ணன்னு வெச்சுக்கலாம். ஆபத்து அதிகமுள்ள இடங்களில் போடற மாடலில், ஸ்பிரிங் வெச்ச ரெண்டு ஒருவழி வால்வுகள் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் ஒரு சின்ன அறை, அதுக்குக் கீழே ஒரு ரிலீஃப் வால்வு. நடு அறையில் எப்பவும் மெயினைவிட பிரஷர் கம்மியா இருக்கணும். அந்த வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சுட்டா, ரிலீஃப் வால்வு திறந்து தண்ணியை வெளியே கொட்டிடும். ரெண்டு வால்வும் சொதப்பினாகூட அழுக்குத் தண்ணி தரைக்குப் போகுமே தவிர, நம்ம டம்ளருக்கு வராது.

அரியர் தெரியாத வால்வு

சூப்பர்தானேனு மாட்டிட்டு மறந்துட முடியாது. பைப்பில் வர்ற ஒரு மணல் துகள், ஒரு துரு செதில் வால்வு சீட்டில் உட்கார்ந்தா போதும், வால்வு முழுசா மூடாது. ரப்பர் தேயும், ஸ்பிரிங் தளரும். ஆனா வெளியே ஒண்ணும் தெரியாது. குழாயில் தண்ணி வழக்கம்போல ஜம்முனு வரும். ஒருவழி வால்வு கெட்டுப்போன விஷயம், ஓட்டம் தலைகீழாகிற அந்த ஒரு நாள்தான் தெரியும். அன்னிக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

அதனாலதான் அமெரிக்காவில் பல ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தடவை, சான்றிதழ் பெற்ற டெஸ்டரை வெச்சு சோதிக்கணும்னு விதி. கருவியிலேயே நாலு குட்டி டெஸ்ட் குழாய்கள் இருக்கும். டெஸ்டர் அந்தப் பக்கத்து வால்வை மூடிட்டு, மீட்டரோட ஹோஸ்களை இதில் மாட்டுவார். பிரஷர் வித்தியாசத்தை மெதுவா குறைச்சுக்கிட்டே வருவார். வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போறதுக்குள்ள ரிலீஃப் வால்வு திறந்தாகணும். பி.எஸ்.ஐ.ன்னா, பைக் டயருக்குக் காத்து அடிக்கும்போது சொல்வோமே, அதேதான்! திறக்கலைன்னா ஃபெயில். ஒருவழி வால்வுகள் ரெண்டும் கசியாம பிடிக்குதான்னும் தனித்தனியா பார்ப்பார். ஃபெயிலான கருவியைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, ரப்பரை மாத்தி, மறுபடி டெஸ்ட். மார்க் ஷீட் மாதிரி எல்லா ரீடிங்கும் எழுத்தில் இருக்கணும்.

மெயின்டனன்ஸில் மன்னிக்கவே முடியாத தப்பு ரெண்டு. ஒண்ணு, ரிலீஃப் வால்வு ஒழுகுதேனு அதை அடைச்சு வைக்கிறது. அது ஒழுகறதே 'உள்ளே ஏதோ கோளாறு'னு அடிக்கிற அலாரம்! ரெண்டாவது, கருவியைத் தண்ணி தேங்கற குழிக்குள்ள வைக்கிறது. ரிலீஃப் வால்வு மூழ்கினா, அந்த ஓட்டை வழியாவே குழித் தண்ணி உள்ளே போகலாம். ஹோலி கிராஸ் குழி ஞாபகம் இருக்கா?

நம்ம ஹாஸ்டலில்?

நம்மகிட்டேயும் இதுக்கு வழி நிறைய. பக்கெட் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கிற ஹோஸ், பாத்ரூமில் அழுக்குத் தண்ணியில் கிடக்கிற ஹெல்த் ஃபாசெட், கெமிஸ்ட்ரி லேபில் சிங்க் தண்ணிக்குள்ள தொங்குற ரப்பர் ட்யூப்... எல்லாமே ஸ்ட்ராதான். அதிலும் பல தெருக்களில் தண்ணி குறிப்பிட்ட நேரம்தான் வரும். மிச்ச நேரம் பைப்பில் பிரஷரே இருக்காது. போதாக்குறைக்கு சில வீடுகளில் மெயினில் நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சறாங்க. விரிசல் வழியா சாக்கடையும் சேர்ந்து வரும். அதுக்கு எந்த வால்வும் காவல் இல்லை.

காசே செலவில்லாத தடுப்பு ஒண்ணு இருக்கு: காத்து இடைவெளி. குழாய் முனைக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில், குழாய் விட்டத்தைப் போல ரெண்டு மடங்கு இடைவெளி, குறைஞ்சது 1 இஞ்ச். நடுவில் காத்து இருந்தா, தண்ணி எம்பிக் குதிச்சு உள்ளே போக முடியாது. இதில் ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை. டெஸ்ட் பண்ண ஒரு ஸ்கேல் போதும்.

உங்க காலேஜில் ஆர்.ஓ. பிளான்ட், பாய்லர், லேப் லைன் எல்லாம் இருக்கும். மெயின்டனன்ஸ் ஆபீஸ் பக்கம் போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், இந்த வால்வைக் கடைசியா டெஸ்ட் பண்ணது எப்போ?" தேதியோட பதில் வந்தா சந்தோஷம். "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது தம்பி"னு பதில் வந்தா, அன்னிக்கே ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க!