மத்தியஸ்தமும் கட்சிக்காரர் சம்மதமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலையில் புறப்படும் பஸ்ஸில், தஸ்தாவேஜுக் கட்டும் கையுமாக நாலைந்து பேரையாவது காணலாம். விருதுநகர் ஜில்லாவின் பிரதான ஜில்லாக் கோர்ட்டு ஆண்டாள் ஊரில் இருப்பதே காரணம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, நூல் வியாபாரக் கூட்டுக் கணக்கு, கிணற்றுப் பாத்தியதை என்று ஆளுக்கொரு தாவா. “நாலு பெரியவர்களிடம் விட்டுவிடக் கூடாதா?” என்று நாமும் அவர்களைக் கேட்டதுண்டு. ஆனால் யாருடைய சம்மதத்தின் பேரில் விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பஞ்சாயத்து நமக்குப் புதிதன்று. 1940-ம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தில், நடந்துகொண்டிருக்கும் வழக்கையும் எல்லாக் கட்சியாரும் ஒப்பி மனுச் செய்தால் மத்தியஸ்தருக்கு அனுப்ப இடமிருந்தது. 1996-ம் வருஷத்துச் சட்டத்தில் அப்பகுதி காணப்படவில்லை. பிறகு ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் புதிய 89-வது பிரிவு 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்து, வழக்கை வெளியே அனுப்பக் கோர்ட்டுக்கே வழி திறந்தது. அத்திருத்தங்களை ஆட்சேபித்து ஸுப்ரீம் கோர்ட்டு வரை போனவர்கள் நமது சேலம் வக்கீல்கள். திருத்தங்கள் நிலைத்தன. அந்தப் பிரிவை எழுதியவரோ இரண்டு சொற்களின் விளக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டார் என்பது பின்னர்தான் ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லித் தெரிந்தது!

அதைச் சொன்னது 2010-ல், ஆப்கான்ஸ் வழக்கில். கொச்சித் துறைமுக வேலை சம்பந்தமான அந்த வியாஜ்யத்தில், ஒரு கட்சியார் ஒப்பாதிருந்தும் கீழ்க்கோர்ட்டு மத்தியஸ்தத்துக்கு அனுப்பிவிட்டது. கேரள ஹைகோர்ட்டும் அது சரியென்றது. ஸுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. சமரசப் பேச்சுக்குக் கோர்ட்டு தானாக அனுப்பலாம். அங்கே ராஜியாகாவிட்டால் வழக்கு திரும்பி வந்துவிடும். மத்தியஸ்தம் அப்படியன்று. போன வழக்கு திரும்புவதில்லை. மத்தியஸ்தர் தீர்ப்பின் மீது சாதாரண அப்பீலும் இல்லை. ரத்துக் கோருவதற்குள்ள காரணங்கள் சில. கெடு மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாள். ஆகையால் சகல கட்சியாரும் ஒப்பினாலொழிய அனுப்பக் கூடாது என்பது தீர்ப்பு.

எங்கள் தொழிலாரைச் சுடுவது 2018-ல் வந்த தீர்ப்பு. கேரள மின்சார போர்டுக்கும் ஒரு காண்டிராக்டருக்கும் நடந்த வழக்கில், வக்கீல் வாய்மொழியாகக் கொடுத்த சம்மதத்தைக் கொண்டே மத்தியஸ்தர் நியமிக்கப்பட்டார். அது செல்லாதென்றார் நீதிபதி பானுமதி. கட்சிக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நீதிபதி கேட்ட மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டு, வராந்தாவில் நின்ற கட்சிக்காரரிடம் பிறகு விஷயத்தைச் சொன்ன வக்கீல்களில் நாமும் ஒருவர். சம்சாரி நம்மை நம்பி வக்காலத்தில் கையெழுத்திட்டார். தம் கோர்ட்டு உரிமையைத் தானம் செய்யும்படி சொல்லவில்லை.

ஆனால் முன்பே எழுதிக் கையெழுத்திட்டவர் பின்வாங்குவது எளிதன்று. திருநெல்வேலி ஹோட்டல் ஒன்றின் குடும்பக் கூட்டு வியாபாரத்தில் எழுந்த அய்யாசாமி—பரமசிவம் வழக்கில், மோசடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மத்தியஸ்த ஷரத்து பறந்துபோய்விடாது என்று 2016-ல் தீர்ப்பாயிற்று. பத்திரம் முழுவதையுமே கெடுக்கத்தக்க கடுமையான மோசடியாயிருந்தால் மட்டுமே கோர்ட்டு தானே விசாரிக்கும். ஷரத்தைக் காட்ட விரும்பும் பிரதிவாதியும் தமது முதல் பதிலுரைக்குப் பிந்தாமல் காட்டவேண்டும்.

தாமே பேசி முடித்துக்கொள்பவர்க்கு ஒரு லாபமுண்டு. கோர்ட்டுக்கு வெளியே ராஜியானாலும் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்ற சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவை ஸுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரியில் ஊர்ஜிதம் செய்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல்களிடம் நாம் கோருவது ஒன்றே. மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்கும் மனுவைத் தமிழில் எழுதுங்கள். அப்பீல் இல்லையென்ற வரியை முதலில் வைத்து, கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.