தறி ஓடும் ஊரில் தாய்ப்பால்

காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் "பால் பத்தல" என்ற பேச்சு இந்த ஊரில் அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. பேச்சு எழுந்தவுடன் யார் வந்து பக்கத்தில் உட்கார்கிறார் என்பதில்தான் நாற்பது ஐம்பது ஆண்டுகளின் மாற்றம் அடங்கியிருக்கிறது.

அன்று வந்து உட்கார்ந்தவர் அம்மாயி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பேத்திக்குப் பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுப்பார். சுறா கிடைத்த நாளில் புட்டு. முருங்கைக்கீரை தினமும் உண்டு. மிளகும் சீரகமும் மல்லியும் அரைத்துவிட்ட செலவு ரசம் உண்டு. வேலியோரத்து அம்மான் பச்சரிசியைப் பறித்து வந்து சமைத்துக் கொடுத்த வீடுகளும் இருந்தன. இவை பால் பெருக்கும் என்பதற்கு ஆய்வுகள் தரும் சான்று வலுவானதல்ல. ஆனால் அம்மாயி சமையலோடு நிற்கவில்லை. பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறதா, காம்பைச் சுற்றிய கருமையும் வாய்க்குள் போயிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிடி சரியில்லை என்றால் வாயோரம் விரலை விட்டு மெல்ல விடுவிப்பார். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, "இப்பக் குடு கண்ணு" என்பார். பால் கட்டிய மார்புக்கு வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுப்பார். பத்திய நாள் முடியும்வரை பேத்தியை அடுப்படிப் பக்கம் விடமாட்டார். பூண்டையும் சுறாவையும்விட அந்த ஓய்வும், நாள் முழுக்கப் பிள்ளை மடியிலேயே கிடந்ததும்தான் பெரிய மருந்து என்று நான் நினைக்கிறேன்.

அதே அம்மாயிதான் முதல் நாள் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னவர். பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். சில வீடுகளில் கழுதைப்பால் வாங்கிப் புகட்டினார்கள். தாய் தாகம் என்றால், தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அரை டம்ளரோடு நிறுத்தினார். பிறந்த முதல் மணி நேரத்தில் மார்பில் போட்டிருந்தால் சுரப்பு சீக்கிரம் பிடித்திருக்கும். அந்த நேரம் வீணாகப் போனது. பிள்ளைகளின் இறப்பும் அன்று அதிகம். 1992-93இல் எடுத்த முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 68 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2019-21 கணக்கெடுப்பில் அது 19க்குக் கீழே வந்துவிட்டது. பழைய காலத்தை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இன்று வீட்டில் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீம்பாலைக் கொடுக்கச் சொல்கிறார். சர்க்கரைத் தண்ணீரோடு வருகிற பாட்டியைத் திருப்பி அனுப்புகிறார். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் தமிழ்நாட்டில் 2015-16இல் 48.3 சதவீதம், 2019-21இல் 55.1 சதவீதம். அதே இடைவெளியில் அறுவைப் பிரசவம் 34.1 சதவீதத்திலிருந்து 44.9 சதவீதமாக ஏறியது. தையல் வலியோடு தாயும் வேறொருவர் மடியில் பிள்ளையுமாக முதல் நாள் கழிகிறது. பால் இறங்கவும் தாமதமாகிறது. மூன்றாவது, ஐந்தாவது நாளில் வீடு திரும்பியபின், பிடி சரியா என்று குனிந்து பார்க்க ஆள் இல்லை. கைப்பேசியில் வீடியோ இருக்கிறது. மருந்துக்கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்த்த பொடி டப்பாவில் கிடைக்கிறது.

மார்பு எடுக்க எடுக்கச் சுரக்கும். தேங்கினால் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால் இராப்பாலைத் தவிர்ப்பது நல்லதல்ல. ஆறு வாரம் ஆனதும் மார்பு இளகிவிடும், கனம் தெரியாது. அதைப் பால் வற்றியதாக எண்ணிப் பயப்படுபவர்கள் ஏராளம். குழந்தை நாளுக்கு ஆறு துணியாவது நனைத்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்றே பொருள். எடை ஏறவில்லை என்றால் பொடியைத் தேடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நிஜமாகவே பால் குறைகிற இடம் இந்த ஊரில் பெரும்பாலும் தறியோடு சேர்ந்தது. கைத்தறிக் காலத்தில் குழித்தறி வீட்டுக்குள் இருந்தது. பெண் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றினாள், விட்டத்தில் தொட்டில். பிள்ளை அழுதால் ராட்டையை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். விசைத்தறி வந்தபின் வேலை பட்டறைக்குப் போனது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு ஆனது. முன்பணம் வாங்கியிருந்ததால் வேலைக்கு வராமல் இருக்க முடியாத பெண்கள், பட்டறை மூலையில் சேலைத் தூளி கட்டினார்கள். தறிச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் பிள்ளை தூங்கியது. அது நல்ல இடமல்ல. ஆனால் பசித்தபோது தாய் நாலு அடி தூரத்தில் இருந்தாள்.

இன்று மூன்றாம் மாதமே மில்லுக்கோ கார்மெண்ட்ஸுக்கோ வேனில் போகிறவள், காலையில் ஏறி இருட்டியபின் இறங்குகிறாள். பிள்ளை மாமியாரிடம். மதியத்துக்குள் மார்பு கல்லாகி, ஜாக்கெட் நனைகிறது. கழிவறையில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறாள்; சேர்த்து வைக்க இடமில்லை. பீய்ச்சிய பால் 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும். இங்கே கோடை 38 டிகிரியைத் தாண்டும். பத்துப் பதினைந்து நாளில் மார்பு கட்டுவது நிற்கிறது. பால் வத்திப் போச்சு என்கிறார்கள்.

பால் டப்பா இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. கொழுகொழு குழந்தை சிரிக்கும் படத்தோடு ஒருகாலத்தில் கடைத் தட்டில் நின்றது. வாங்க முடிந்தவர்கள் அளவைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டிக் கலக்கினார்கள். 1992இல் வந்த சட்டம் அந்தப் படத்தை எடுத்துவிட்டது, விளம்பரத்தையும் தடுத்தது. 2003இல் அது இன்னும் இறுகியது. டப்பாவின் தேவையை உண்டாக்கிய வேலை நேரத்தை இந்தச் சட்டம் தொடவில்லை.

பால் இல்லாத தாய்க்கு அன்று சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ பிள்ளையை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டார்கள். இன்று அதற்குத் தாய்ப்பால் வங்கி. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியது. 2015இல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் வந்தது. கொடுப்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, உறைய வைத்துக் காக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இது உயிர். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தச் சோதனைகள் கிடையாது, கூப்பிட்டவுடன் வந்தார்.

விடுப்பின் கணக்கும் வளர்ந்திருக்கிறது. 1961 சட்டத்தில் 12 வாரம்; 2017 முதல் 26 வாரம்; தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் பதினைந்தாம் மாதம்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் சட்டத்தில் உண்டு. நாலைந்து பேரை வைத்து ஓட்டும் தறிப்பட்டறைக்கு இது எட்டுவதில்லை. அங்கே இருப்பவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணையாக வருகிறது. தார் போட அவளுக்குப் பதில் ஆள் வருவதில்லை. இத்தனைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் பல பெண்களின் வீடு அடுத்த தெருவிலேயே இருக்கிறது. முற்பகலில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை மாமியார் பிள்ளையைத் தூக்கி வர, இருபது நிமிடம் தறியைப் பக்கத்தாள் பார்த்துக்கொண்டால் போதும். இராப்பாலும் சேர்ந்தால் குறைந்த பால் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் திரும்பக் கூடத் தொடங்கும். முதலாளிக்கு அதனால் குறைவது சில மீட்டர் துணி.