செபமும் காவலும்

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பது எமது கிறிஸ்தவக் குடும்பங்களில் நாளாந்தம் கேட்கும் வார்த்தை. செய்யவேண்டியதை எல்லாம் செய்து முடித்தவரும் அதைச் சொல்கிறார். ஒன்றும் செய்யாமல் கதிரையில் சாய்ந்திருப்பவரும் அதையே சொல்கிறார். சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. முதலாவது விசுவாசம். இரண்டாவது விசுவாசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட அசட்டை. நோர்வேக்கு வந்து புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஊரில் இதை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவேண்டி இருக்கவில்லை. பொம்மரின் சத்தம் வேறு, ஹெலியின் சத்தம் வேறு, சகடையின் சத்தம் வேறு என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டோம். ஆச்சிமார் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பங்கருக்குள் இறங்கினார்கள். செபமாலை இருக்கிறதே, பங்கர் எதற்கு என்று கேட்ட ஆச்சியும் இல்லை. பங்கர் இருக்கிறதே, செபமாலை எதற்கு என்று கேட்டவரும் இல்லை.

வேதாகமம் காட்டும் வழி

எருசலேமின் இடிந்த மதிலை நெகேமியா திரும்பக் கட்டியபோது பகைவர்கள் தாக்கத் திட்டமிட்டார்கள். அவர் ஜனங்களோடு சேர்ந்து மன்றாடினார். அதே மூச்சில் இரவும் பகலும் காவலும் வைத்தார். பாதிப் பேர் கட்ட, பாதிப் பேர் ஈட்டியோடு நின்றார்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் அப்போஸ்தலர் பணியின் 23ஆம் அதிகாரத்தில் உண்டு. சிறையில் இருந்த பவுலுக்கு ஆண்டவர் தோன்றி, ரோமாபுரியிலும் நீ சாட்சி சொல்வாய் என்று உறுதி கொடுத்தார். மறுநாளே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அவரைக் கொல்லச் சபதம் எடுத்தார்கள். அதை அறிந்த பவுலின் சகோதரியின் மகன் ஓடிவந்து சொன்னான். ஆண்டவரே உறுதி தந்துவிட்டார், பயப்படாமல் வீட்டுக்குப் போ என்று பவுல் அவனை அனுப்பிவிடவில்லை. படைத்தலைவனிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பினார். அன்றிரவே 470 வீரர்களின் காவலோடு அவர் நகரை விட்டு வெளியேறினார். கடவுளின் வாக்குறுதி அந்தப் பையனின் கால்களில் ஓடியது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது இயேசுவும் குதிக்கவில்லை. வேண்டுமென்று ஆபத்தில் இறங்கிக் கடவுளைச் சோதிப்பது விசுவாசம் அல்ல என்பதே அவருடைய பதில். குழந்தையாக இருந்தபோது அவரும் இரவோடிரவாக எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அகதிதான். சூசையப்பர் எச்சரிக்கையைக் கேட்டார், எழும்பினார், நடந்தார்.

சீயோன் ஆலயத்தின் வாசலில்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்த பிள்ளைகள் வெளியில் நின்றார்கள். கனமான பை ஒன்றோடு அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே போக வந்தார். ரமேஷ் ராஜு என்ற நாற்பது வயதுக் கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அவரிடம் பையில் என்ன என்று விசாரித்தார். ஆராதனையைப் படம் பிடிக்க வீடியோ கமரா என்று பதில் வந்தது. அதற்கு முதலில் அனுமதி எடுக்கவேண்டும் என்று சொல்லி ரமேஷ் அவரை வாசலுக்கு வெளியே கொண்டுபோனார். அங்கேதான் குண்டு வெடித்தது. பதினான்கு சிறுவர்கள் உட்பட ஏறக்குறைய முப்பது பேர் இறந்தார்கள். ரமேஷும் இறந்தார். அந்த மனிதர் உள்ளே போயிருந்தால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ரமேஷிடம் துவக்கும் இல்லை, பயிற்சியும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. வந்தவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. மரியாதையாகக் கேட்டார், பதில் பொருந்தாதபோது விட்டுக்கொடுக்காமல் நின்றார். விழிப்பு என்பது இதுதான்.

அதே நாளின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. 11ஆம் திகதி பொலிஸ் உயர் அதிகாரி ஒருவர் அதைக் கடிதமாகவும் அனுப்பியிருந்தார். தேவாலயங்கள் இலக்கு என்பது அதில் இருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கோ, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்துக்கோ அதை ஒருவரும் சொல்லவில்லை. மூன்று ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடமையில் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் காக்கச் சம்பளம் வாங்கியவர்கள் தூங்கினார்கள். சம்பளம் இல்லாத ஒருவர் வாசலில் விழித்திருந்தார்.

நவாலிக்கு என்ன பதில்?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழும்புகிறது. 1995 ஜூலை 9ஆம் திகதி, இராணுவம் முன்னேறத் தொடங்கிய நாளில், இடம்பெயர்ந்த மக்கள் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகில் இருந்த முருகன் கோவிலிலும் தஞ்சம் அடைந்தார்கள். வழிபாட்டு இடங்களுக்குப் போங்கள் என்று அரசாங்கமே அறிவித்திருந்தது. விமானங்கள் அங்கேயே குண்டு போட்டன. நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் விழிப்பில்லாதவர்களா? விசுவாசம் குறைந்தவர்களா?

இரண்டும் இல்லை. சொன்னபடி கேட்டு, செபித்து, பாதுகாப்பைத் தேடித்தான் போனார்கள். மனிதக் கையால் தடுக்கமுடியாத தீமை உண்டு என்பதையே நவாலி சொல்கிறது. ஆகவே "நல்லாய்ச் செபித்திருந்தால் தப்பியிருப்பார்கள்" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. அது இறந்தவரை இன்னொருமுறை கொல்வது. ரமேஷும் தப்பவில்லை, செபத்துக்கு வந்த பிள்ளைகளும் தப்பவில்லை. விழித்திருப்பது சாகாமல் இருப்பதற்கான உத்தரவாதம் அல்ல. பக்கத்தில் இருப்பவனுக்குச் செய்யவேண்டிய கடமை அது. முடிவு எங்கள் கையில் இல்லை, கடமை மட்டும் எங்கள் கையில்.

நோர்வேயிலும் ஆபத்து உண்டு

இது பயமில்லாத நாடு என்று நினைத்து வருகிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இங்கே பேர்கனில் ஃபான்தொஃப்த் மரத் தேவாலயம் 1992 ஜூன் 6ஆம் திகதி தீ வைக்கப்பட்டுச் சாம்பலானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1883இல் இங்கு கொண்டுவரப்பட்ட ஆலயம் அது. அதே வருடம் நத்தார் தினத்துக்கு முதல்நாள் ஓசன தேவாலயமும் எரிக்கப்பட்டது. இரண்டும் திரும்பக் கட்டப்பட்டன.

2019 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஒஸ்லோவுக்கு அருகே பாரூமில் உள்ள அல்-நூர் பள்ளிவாசலுக்குள் ஒரு நோர்வேஜிய இளைஞன் துவக்குகளோடு புகுந்தான். தன் வளர்ப்புச் சகோதரியைக் கொன்றுவிட்டு வந்தவன் அவன். அறுபத்தைந்து வயதான முகம்மது ரஃபீக் அவன்மேல் பாய்ந்து மடக்கினார். பள்ளிவாசலில் ஓர் உயிரும் போகவில்லை. மட்டக்களப்பில் ஒரு கிறிஸ்தவர், பாரூமில் ஒரு முஸ்லிம், இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். ஆகவே பார்க்கவேண்டியது ஒருவருடைய நடத்தையை. நிறத்தையோ தாடியையோ அல்ல. கொழும்புச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் இருந்த பெயருக்காக மறிக்கப்பட்ட நாங்கள் இதை மறக்கக்கூடாது.

ஆனால் எங்கள் வீடுகளுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் துவக்கோடு வருவதில்லை. மெழுகுதிரியோடு வரும். மார்கழியில் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பி, மின்குமிழ் மாலை தொங்கவிட்டு, இரவு முழுவதும் எரியவிட்டுப் படுக்கிறோம். சமைக்கும்போது கத்துகிறது என்று புகை அறிவிப்புக் கருவியின் பற்றரியைக் கழற்றி வைக்கிறோம். இந்த நாட்டில் டிசம்பர் 1ஆம் திகதி அந்தக் கருவியைச் சோதிக்கும் நாள். ஆகமன காலச் செபத்தோடு அந்தப் பொத்தானையும் ஒருதரம் அமத்திப் பாருங்கள். தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113. பிள்ளைகளுக்கு இந்த மூன்று இலக்கங்களையும் வீட்டு விலாசத்தையும் நோர்வேஜிய மொழியில் சொல்லப் பழக்குங்கள்.

தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தைக் கழுவ முன்பு மின்சாரத்தை நிற்பாட்டிப் பூட்டுப் போடுகிறோம். நான் விசுவாசி, பூட்டுத் தேவையில்லை என்று கையை உள்ளே விடுபவர் ஒருவரும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். மருந்து எடுக்காதே, செபித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், லூக்காவும் வைத்தியர்தான்.

இன்னொரு வகையினரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். புதுவருட இரவில் வாணவேடிக்கை வெடித்தால் கட்டிலுக்குக் கீழே போகிறவர்கள், கதவை நாலுதரம் பூட்டிப் பார்த்தும் கண் மூடாதவர்கள். விழிப்பு வேறு, நித்திரை இல்லாமை வேறு. அது விசுவாசக் குறைவு அல்ல, போர் விட்ட காயம். குடும்ப வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேவையானால் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் சீடரிடம் கேட்டது பெரிய வீரத்தை அல்ல, ஒரு மணி நேரம் கூட விழித்திருக்கும்படி மட்டுமே. எங்களிடமும் அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பவர் நீங்களானால், வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். புதியவரானால் பெயரைக் கேளுங்கள். அவர் தனிமையில் வந்தவராக இருந்தால் அது வரவேற்பு. வேறு நோக்கத்தோடு வந்தவராக இருந்தால் அதுவே காவல்.