சிப்பாய் சுடக் கற்பது எப்படி?

இந்திய ராணுவத்தில் சேரும் இளைஞரின் கையில் துப்பாக்கி வந்த அன்றே தோட்டாவும் வந்துவிடுவதில்லை. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம் ஆனாலும், வடக்கே உள்ள வேறொரு ரெஜிமென்ட்டின் மையம் ஆனாலும் வரிசை ஒன்றுதான். முதலில் ஆயுதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து அதை ஆபத்தில்லாமல் கையாளப் பழக வேண்டும். பிறகு தோட்டா இல்லாத துப்பாக்கியில் குறிபார்க்கும் பயிற்சி. அதெல்லாம் தேறிய பிறகே சுடுதளம். அக்னிவீரர்களுக்குத் தரைப்படை வகுத்திருக்கும் பயிற்சிக் காலம் 31 வாரம். அணிவகுப்பு, உடற்பயிற்சி, வரைபடம் படித்தல், களப்பயிற்சி எல்லாவற்றுக்கும் போக மிஞ்சும் நேரத்தில்தான் ஆயுதப் பாடம். அந்தப் பாடத்திலும் உண்மையான தோட்டா வெடிக்கும் நேரம் சிறு பகுதியே.

துப்பாக்கி இருப்பது ‘கோத்’ என்று படையினர் சொல்லும் ஆயுத அறையில். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் அந்த எண் பதிவேட்டில் ஏறும். ஒரு துப்பாக்கி குறைந்தால் முகாமே நிற்கும். சுட்டு முடித்தபின் வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் எண்ணித்தான் ஒப்படைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது வெறும் கணக்குவழக்காகத் தோன்றும். ஆயுதம் எங்கே, யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது என்ற பழக்கம் இந்தப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறது.

பாதுகாப்பு விதிகள் எண்ணிக்கையில் குறைவு, கண்டிப்பில் அதிகம். எந்தத் துப்பாக்கியையும், தோட்டா ஏற்றியது என்றே கருத வேண்டும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். குழலின் முனை மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. ‘உஸ்தாத்’ எனப்படும் பயிற்றுநர் இவற்றை வகுப்பு வகுப்பாகத் திரும்பச் சொல்வார். தவறியவர் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவார். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. துப்பாக்கி விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் விளக்கம், “தோட்டா இல்லை என்று நினைத்தேன்” என்பதுதான்.

அடுத்தது ஆயுதத்தைப் பிரித்துச் சேர்ப்பது. படைவீரர் கையில் இருக்கும் தானியங்கித் துப்பாக்கிகள் பெரும்பாலும், வெடிக்கும் மருந்தின் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, அதன் அழுத்தத்தால் அடுத்த தோட்டாவைத் தாமே ஏற்றிக்கொள்பவை. அந்த வாயு கரியையும் கொண்டுவருகிறது. கரி படிந்தால் நகரும் பாகங்கள் சிக்கும், துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே எந்தப் பாகம் எங்கே போகிறது, அடைத்துக்கொண்டால் எந்த வரிசையில் சரிசெய்வது என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்யும் அளவுக்குப் பழக்குகிறார்கள். இரவில், மழையில், நடுங்கும் விரல்களோடு செய்ய வேண்டிய வேலை அது.

இதன் பிறகுதான் குறிபார்க்கும் கலை. பிரிட்டிஷ் ராணுவ மரபிலிருந்து வந்த நான்கு கோட்பாடுகள் இந்தியாவிலும் அடிப்படை. துப்பாக்கியைத் தாங்கும் அளவுக்கு உடலின் நிலையும் பிடியும் உறுதியாக இருக்க வேண்டும். வலிந்து திருப்பாமல் துப்பாக்கி தானாகவே இலக்கை நோக்கி நிற்க வேண்டும். துப்பாக்கி மேல் குறிபார்க்கப் பொருத்திய பின்பார்வை, முன்பார்வை, அப்பால் இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். விசை அழுத்தப்பட்டுத் தோட்டா வெளியேறும்வரை, வெளியேறிய பிறகும், அந்த நிலை கலையக் கூடாது.

இவற்றில் இரண்டாவதைத்தான் புதியவர்கள் அலட்சியப்படுத்துகிறார்கள். படுத்த நிலையில் கண்ணை மூடி, மூச்சை விட்டு, உடலைத் தளர்த்திவிட்டுக் கண்ணைத் திறந்தால் துப்பாக்கி எங்கே நோக்குகிறதோ அதுவே அதன் இயல்பான திசை. அது இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. முழு உடலையும் நகர்த்திப் படுக்க வேண்டும். தள்ளிப் பிடித்த தசை சுடும் நொடியில் தளர்ந்தால் குழலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பார்வைக் கோட்டில் சிறு பிசகும் எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரு பார்வைகளுக்கும் இடையே அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்பார்வை ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் தோட்டா 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 300 மீட்டரில் அது 60 சென்டிமீட்டர், அதாவது மனித உடலின் அகலத்தையும் தாண்டிவிடும். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால் இலக்கு சற்று மங்கினாலும் பரவாயில்லை, முன்பார்வை துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் கெடுப்பது பயம். சத்தத்தையும் பின்னுதைப்பையும் எதிர்பார்த்து, விசை விழும் முன்பே தோள் சுருங்கிக் கண் மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உத்தி உண்டு. சுடுபவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைப்பார்கள். அதன் முறை வரும்போது விசையை அழுத்தினாலும் வெடிக்காது. ஆனாலும் துப்பாக்கி துள்ளினால், துள்ள வைத்தது சுடுபவரின் பயமே என்று அவருக்கே தெரிந்துவிடும்.

சுடுதளத்தில் முதல் பயிற்சி, தோட்டாக்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவா என்று பார்ப்பது. குவியல் இலக்கின் நடுவில் விழ வேண்டும் என்பதில்லை. ஐந்து தோட்டாக்களும் ஓரத்தில் நெருக்கமாக விழுந்தால் பயிற்றுநருக்கு மகிழ்ச்சி. ஐந்தில் ஒன்று நடுவில் விழுந்து மற்றவை சிதறியிருந்தால் அவர் முகம் சுளிப்பார். நெருக்கமான குவியல் என்றால் சுடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்கிறார் என்று பொருள். துப்பாக்கியின் பார்வையைத் திருகித் திருத்தினால் குவியல் நடுவுக்கு வந்துவிடும். சிதறலைத் திருத்த எந்தத் திருகும் இல்லை. ஆயுதப் பயிற்சி முழுவதும் குறிதவறாமையைவிட மாறாமையைத்தான் முதலில் தேடுகிறது.

அந்தத் திருத்தத்துக்கு ஜீரோயிங் என்று பெயர். தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. குழலை விட்டதுமே விழத் தொடங்குகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவும் 300 மீட்டர் செல்வதற்குள் அரை மீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். அதனால் குழல் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி பார்வை அமைக்கப்படுகிறது. ஒருவருக்காகச் சரிசெய்த துப்பாக்கி இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. கன்னத்தை வைக்கும் இடமும் கண்ணின் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும்.

சுடும் நாளில் தளத்தில் சிவப்புக் கொடி ஏறும். சுடுகோட்டில் நிற்பவருக்குக் கட்டளை இல்லாமல் எந்த அசைவும் கிடையாது. இலக்குகளுக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் இன்னொரு குழு பதுங்கியிருந்து, பலகையை ஏற்றி இறக்கி, பட்ட இடத்தைக் காட்டும். ஒன்றும் படாவிட்டால் அதற்கு ‘வாஷ்அவுட்’ என்று பெயர். படுத்தும், மண்டியிட்டும், நின்றும் சுட வேண்டும். சில நொடிகளே தோன்றி மறையும் இலக்கைச் சுட வேண்டும். இரவிலும் சுட வேண்டும். மதிப்பெண்ணைப் பொறுத்து ‘மார்க்ஸ்மேன்’, முதல் வகுப்பு, சாதாரணத் தகுதி, தோல்வி என்று தரம் பிரிக்கப்படுகிறது. இது பயிற்சி மையத்தோடு முடிவதில்லை. பிரிவில் சேர்ந்த பிறகும் வீரர் திரும்பத் திரும்பச் சுட்டுத் தகுதியைக் காட்ட வேண்டும்.

இந்த முறை ஒரு நாளில் உருவானதல்ல. 1853-இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இந்தியாவில் புதிய என்ஃபீல்டு ரைஃபிளைப் பழக்க டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் பயிற்சிக் கூடங்கள் அமைந்தன. அதன் தோட்டா உறையைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும், அதில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சு 1857 தொடக்கத்தில் டம்டம்மிலிருந்து பரவியது. கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையை மாற்றிப் பார்த்தார்கள், யாரும் நம்பவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று மீரட்டில் நடந்த அணிவகுப்பில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. ஓர் ஆயுதப் பாடம் ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி இதுபோல் இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

முதல் உலகப்போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய், 300 கஜத்தில் உள்ள இலக்கை நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட வேண்டியிருந்தது. அதன் பலன் 1914 ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தில் நடந்த மான்ஸ் சண்டையில் தெரிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேறொரு கேள்வி எழுந்தது. சண்டையில் நான்கில் ஒரு பங்கு வீரர்கூடச் சுடவில்லை என்று அமெரிக்கரான எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-இல் எழுதினார். அவருடைய கணக்குக்கு ஆதாரம் போதாது என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் காட்டினர். ஆனால் அந்த வாதத்தின் தாக்கம் நிலைத்துவிட்டது. 1950-களில் அமெரிக்க ராணுவம், வட்டப் பலகையைக் குறைத்து, புதரிலிருந்து திடீரென எழும் ஆள் உருவ இலக்குக்கு மாறியது. பிற படைகளும் ஆள் உருவத்தையே பயன்படுத்துகின்றன. சிப்பாயைத் தயங்காமல் சுடப் பழக்கும் ஏற்பாடு இது என்பதை மறைப்பதற்கில்லை. அதனால்தான் எப்போது சுடக் கூடாது என்ற பாடமும், சரணடைந்தவர், காயம்பட்டவர், பொதுமக்கள் பற்றிய ஜெனீவா உடன்படிக்கைகளும் பயிற்சியோடு சேர்ந்தே வர வேண்டியிருக்கிறது.

தனியாளாகச் சுடத் தெரிந்தவர்கள் அடுத்துக் கூட்டமாகச் சுடக் கற்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட காலாட்படை செக்‌ஷனில் ஒரு பகுதி சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்க, மறுபகுதி முன்னேறும். பிறகு வேலை மாறும். இலகு இயந்திரத் துப்பாக்கி, மோர்ட்டார், ராக்கெட் லாஞ்சர் எல்லாம் இந்தக் கட்டத்தில் சேர்கின்றன. கைக்குண்டுப் பயிற்சிதான் பயிற்றுநரையும் வியர்க்க வைப்பது. எறிய வேண்டியவர் பதறிக் காலடியில் போட்டுவிட்டால் மீட்க இருப்பது சில நொடிகள் மட்டுமே. முதல் உலகப்போர் கால வடிவமைப்பிலான 36-ஆம் எண் கைக்குண்டுதான் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக நாக்பூரில் தயாரான பன்முறைக் கைக்குண்டு 2021 ஆகஸ்ட்டில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயுதம் மாறும்போதெல்லாம் பழக்கமும் மாற வேண்டும். 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் கையில் இருந்தது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் .303 ரைஃபிள். அடுத்து, தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அது உற்பத்தியானது. 1999 கார்கில் போரில் உறைபனியில் அதன் பிளாஸ்டிக் மகசின் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. இப்போது அமெரிக்காவின் சிக் 716, உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டில் தயாராகும் ஏ.கே.203 இரண்டும் அதன் இடத்துக்கு வருகின்றன. இன்சாஸையும் சேர்த்து இவை மூன்றும் மூன்று வகைத் தோட்டாக்களைச் சுடுபவை. விழும் அளவும் உதைக்கும் விசையும் வேறு வேறு. மலையில் நிற்பவருக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் தோட்டாவுக்குத் தடை குறைவு, சரிவில் மேலோ கீழோ சுட்டால் புவியீர்ப்பின் இழுப்பு குறைவாகத் தெரியும். இரண்டாலும் தோட்டா எதிர்பார்த்ததைவிட மேலே போகும். சமவெளியில் சரிசெய்த பார்வையை நம்பி லடாக்கில் சுட முடியாது.

பயிற்றுநர்களும் ஸ்னைப்பர்களும் தேர்ச்சி பெறும் இடம் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் உள்ள காலாட்படைப் பள்ளி. அதே ஊரில் இருக்கும் ராணுவத் துப்பாக்கிசுடும் பிரிவில் பயின்றவர்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற விஜய்குமார். விளையாட்டுக்கும் போருக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், களத்தில் சுடுபவருக்கு முதுகில் மூட்டையும் இரைக்கும் மூச்சும் திருப்பிச் சுடும் எதிரியும் உண்டு.

தோட்டா விலை கூடியதும் சுடுதளத்துக்கு இடம் சுருங்கியதும் சிமுலேட்டரை முன்னுக்குக் கொண்டுவந்தன. திரையில் இலக்கு தோன்ற, லேசர் பொருத்திய துப்பாக்கியால் சுடுவார்கள். விசையை எப்படி அழுத்தினார், குழல் எங்கே அலைந்தது என்பதைக் கணினி வரைந்து காட்டும். தொடக்கப் பிழைகளைக் களைய இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் வெடிச் சத்தத்தின் பயத்தைப் போக்கவும், காற்றையும் மழையையும் கணக்கிடப் பழகவும் உண்மைத் தோட்டா வேண்டும். சிமுலேட்டரைக் காட்டித் தோட்டாக் கணக்கைக் குறைப்பது தவறான சிக்கனம்.

இடச் சுருக்கம் படையினரின் கவலை மட்டுமல்ல. 7.62 மில்லிமீட்டர் தோட்டா மூன்று கிலோமீட்டரையும் தாண்டிப் போகக்கூடியது. இலக்குக்குப் பின்னுள்ள மண்மேட்டில் அடங்காத ஒன்று பக்கத்து ஊரில் போய் விழலாம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த நாளில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். பீரங்கிப் பயிற்சிக்கு இன்னும் பெரிய நிலப்பரப்பு வேண்டும். அதற்காக நிலத்தை அறிவிக்கும் அதிகாரம் இன்றும் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஜார்க்கண்டின் நேதர்ஹாட் பகுதிப் பழங்குடி மக்கள் பல பத்தாண்டுகள் எதிர்த்த பிறகு, 2022 ஆகஸ்ட்டில் அந்த மாநில அரசு அத்தகைய அறிவிக்கையை நீட்டிக்க மறுத்தது.

பயிற்சித் தளங்களை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்கள் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் எல்லைக்குள் ஆடுமாடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ போகக் கூடாது. கொடி இறங்கிய பிறகும் நிலத்தில் கிடக்கும் உலோகத் துண்டைப் பழைய இரும்புக்கு விற்கலாம் என்று எடுக்க வேண்டாம். வெடிக்காத குண்டாக இருக்கலாம். தொடாமல், இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.